செவலையின் காது

தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பி மோதுகிற ஓசையை அன்றைக்கு நான் காதால் கேட்பதற்கு முன்னால் கண்ணால் பார்த்தேன். தென்காசி ரயில் நிலையத்து வாசலுக்கு எதிரே, சாரலில் நனைந்து கறுத்துப்போன மருத மரங்களின் அடியில், குதிரைச் சாணமும் ஈரப் புல்லும் கரிப்புகையும் கலந்த வாடைக்குள் ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்க, முதல் வண்டியில் பூட்டியிருந்த செவலைக் குதிரையின் இடது காது, ஈயை உதறுவதுபோல ஒரு தரம் துடித்து, பிளாட்பாரத்துப் பக்கமாகத் திரும்பி விறைத்து நின்றது. அப்புறம்தான் "டண்டண்... டண்" என்ற மணி எனக்கு உறைத்தது. குதிரை காதைத் திருப்பியதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் என்னவென்றால், வண்டிக்காரர் வேலாண்டி அண்ணாச்சி மணி வந்த திசையைப் பார்க்கவே இல்லை. முன்தட்டில் குந்தியிருந்த அவர், உலையில் கொதி வருகிறதா என்று பார்க்கிறவரைப்போல, அந்தக் காதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காது திரும்பியதும் கடிவாள வாரைச் சுண்டினார், வண்டி நகர்ந்தது. எனக்குள்ளே ஏதோ பளிச்சென்று பற்றிக்கொண்டது. இந்த மனிதருக்குக் காது கேட்காது. குதிரைதான் கேட்கிறது. இவர் பார்க்கிறார், அவ்வளவுதான்!

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. எனக்குப் பதினோரு வயது. அப்பா அந்த ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில். ஊரில் அப்பாவுக்குப் பெயர் "பார்சல் பிள்ளை", எனக்குப் பெயர் "பார்சல் பிள்ளை மக". அந்தப் பெயரைச் சீட்டுப்போல நீட்டிக்கொண்டு, பெண் பிள்ளைகள் எட்டிப் பார்க்காத சரக்குக் கொட்டகை, எஞ்சினுக்குத் தண்ணீர் விடுகிற தொட்டி, வண்டிப்பேட்டை என்று எல்லா இடத்துக்கும் நான் போய்வருவேன். "பொட்டப்பிள்ளைக்குக் கால்ல சக்கரம், வாயில ஊதல்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா பாடுகிற பாட்டு வேறு. "ரயில்வேயில கண்ணு ரெண்டாம் பட்சம். காதுதான் சோறு போடும்" என்பார். வண்டி எந்த ஸ்டேஷனை விட்டது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எஞ்சின் எதற்கு ஊதுகிறது எல்லாமே எங்கள் வீட்டில் ஓசைதான். மணி பார்க்கக் கடிகாரம்கூடத் தேவைப்படாத வீடு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் ரயிலடியிலேயே பிழைக்கிற ஒரு செவிடரைக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வேலாண்டி அண்ணாச்சிக்கு அந்தச் செவிடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்க வேண்டுமானால் வண்டிப்பேட்டையின் "முறை"யைச் சொல்லியாக வேண்டும். ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கிவிட்டால், கடையநல்லூர் வழியாக வரும் மெட்ராஸ் வண்டியும் திருநெல்வேலிப் பாசஞ்சரும், படுக்கைச் சுருளும் தூக்குச் சட்டியும் எண்ணெய்ப் புட்டியுமாக, அருவியில் குளிக்க வருகிற கூட்டத்தைத் தென்காசியில் கொண்டுவந்து கொட்டும். அத்தனை பேரும் போகிற இடம் ஒன்றுதான், குற்றாலம். அவர்களுக்காக மரத்தடியில் நிற்கிற வண்டிகளுக்கு வரிசை உண்டு. பக்கத்து ஸ்டேஷனை ரயில் விட்டதும் இங்கே பிளாட்பாரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் இரண்டு வேகமாகவும் ஒன்று தள்ளியும் அடிப்பார்கள். அதுதான் "முதல் மணி". அது கேட்டதும் வரிசையில் முதல் வண்டி ஸ்டேஷன் முகப்புக்குப் போய்விட வேண்டும். மணி அடித்தும் நகராதவன் கடைசிக்குப் போக வேண்டும். மணி அடிக்காமல் நகர்ந்தவனும் கடைசிக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து ரயில்தான். கடைசிக்குப் போனவனுக்கு அன்றைக்குச் சவாரி இல்லை, அவன் குதிரைக்குக் கொள்ளும் இல்லை. இந்தச் சட்டத்தைக் காப்பாற்றியவர் முத்தையா என்கிற மூத்த வண்டிக்காரர். "எங்கப்பன் செத்து எந்திரிச்சு வந்தாலும் மணிக்குத்தான் வே வண்டி நகரணும்" என்று தொடையைத் தட்டிச் சொல்லுவார்.

இந்த முறைக்கு நடுவில்தான் வேலாண்டி அண்ணாச்சி, ஒரு சொல்லும் காதில் விழாமல், ஐந்து வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறார். யாருக்கும் தெரியாது. எப்படி என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. ரயிலிலிருந்து இறங்குகிறவர் வாயைத் திறக்கும் முன்பே இவர் முந்திக்கொள்வார்: "குத்தாலம்தான? ஏறுங்க, ஏறுங்க, தண்ணி நல்லா விழுது!" எல்லாருக்கும் குற்றாலம்தான், எல்லாருக்கும் தெரிய வேண்டியது அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதுதான், அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு நாள் தங்கக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், மெலிந்த செவலையைச் சந்தேகமாகப் பார்த்து, "ஏம்ப்பா, உன் குதிரைக்கு என்ன வயசு?" என்று கேட்டார். "தண்ணி நல்லா விழுதுய்யா!" என்றார் அண்ணாச்சி. சுற்றி நின்றவர்கள் அதைக் குறும்பென்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியவரும் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். நானும் அன்றைக்குச் சிரித்தவள்தான். காதைப் பார்த்த நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து, "அடேயப்பா!" என்று என் தொடையை நானே தட்டிக்கொண்டேன்.

கெட்ட பிள்ளையாக இருந்தால் உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கும். நான் அதைவிட மோசம். பரீட்சை செய்து பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் நின்று "வேலாண்டி! கோட்டிக்கார வேலாண்டி! கிறுக்கு வேலாண்டி!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. வீட்டிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்துவந்து கல்லில் போட்டேன். செவலையின் காது திரும்பியது. அதைக் கண்ட பிறகுதான் அவர் தலை திரும்பியது. சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வண்டித்தடம் உண்டு. கேட்டும் கிடையாது, ஆளும் கிடையாது. சாயங்காலம் புல் வாங்கிவர அவர் அந்த வழியாகப் போவார். அங்கேயும் போய் ஒளிந்து நின்று பார்த்தேன். தூரத்தில் எஞ்சின் ஊதினால் செவலை தானாக நின்றது, காது விறைத்தது. அவரும் வாரைத் தளர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ரயில் போனது. காது தணிந்தது. வண்டி நகர்ந்தது. எஞ்சின் பக்கமாக அவர் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வாய் நிறைய வைது பழகிக்கொண்டிருந்தபோது, அவர் சட்டென்று திரும்பிவிட்டார். என் வாய் அசைவதைப் பார்த்தார். பக்கத்தில் வேறு ஆள் இல்லை என்பதையும் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. வண்டியிலிருந்து இறங்கி, என்னைச் சரக்குக் கொட்டகையின் மறைவுக்கு வரும்படி கையைக் காட்டினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்து ஒரு மங்குஸ்தான் பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஏ பிள்ள, கண்டுக்கிட்டியா?" என்றார். ரகசியமாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு. சத்தம் கொட்டகைத் தகரத்தில் போய் இடித்தது. "வெசக் காய்ச்சல் வந்து காது அடைச்சிட்டு தாயி. தெரிஞ்சா லைசென்ஸ் தரமாட்டான், சவாரியும் ஏறமாட்டான். குதிர கேக்குது, நான் பாக்குதேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சோடிக் காது போதும்லா? யார்ட்டயும் சொல்லிராத, என்ன?"

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். சொன்னது கேட்காதே என்று உறைத்ததும் தலையை ஆட்டினேன். அவர் என் தலையாட்டலை ஒரு பத்திரத்தைப் படிப்பதுபோல உன்னிப்பாகப் பார்த்து, திருப்தியாகி, போய்விட்டார். நான் பழத்தை உடைத்துத் தின்றேன். நல்ல இனிப்பு.

அந்தத் தலையாட்டலை ஒன்றரை நாள் காப்பாற்றினேன். எனக்கு அப்போதும் சரி, இப்போதும் சரி, ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அதைப் பத்துப் பேருக்கு முன்னால் செய்துகாட்டாமல் வயிறு பொறுக்காது. அவரிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை, கெடுக்கவேண்டும் என்ற நினைப்பும் இல்லை. என் மூளையை நாலு பேர் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். சரக்குக் கொட்டகைப் பக்கம் போல்ட் கழன்று கிடந்த கை நீள இரும்புப் பட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டிக்கொண்டேன். ஒரு மத்தியானம், எந்தப் பக்கத்திலிருந்தும் ரயில் இல்லாத நேரம், வண்டிக்காரர்கள் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேலாண்டி அண்ணாச்சி வரிசையில் முதல் ஆள். கடைசி மரத்துக்குப் பின்னால் நின்று, முத்தையாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, ஒரு கல்லால் இரும்பில் அடித்தேன். டண்டண். டண்.

எல்லாக் குதிரைகளும் காதைத் தூக்கின. மற்ற வண்டிக்காரர்கள் "இது என்னட்டி விளையாட்டு" என்று கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். செவலை மட்டும் காலெடுத்து வைத்தது. அண்ணாச்சி துள்ளி எழுந்து, வாரைச் சுண்டி, முகப்புக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, தலைத் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, ஆளே இல்லாத வாசலைப் பார்த்துச் சிரித்தபடி கூவத் தொடங்கினார்: "குத்தாலம், குத்தாலம்! ஏறுங்க, ஏறுங்க! தண்ணி நல்லா விழுது!"

வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அது எழுந்து அவரைப் பார்த்தது.

அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. முத்தையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஏலே! இவனுக்குக் காது கேக்காதுலேய்! அஞ்சு வருசமா நம்மள எல்லாம் கோட்டியாக்கிட்டு நிக்கானே!" என்று கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்துபோய், செவலையின் கடிவாளத்தைப் பிடித்து, மணி அடிக்காமல் நகர்ந்த குற்றத்துக்காக வண்டியை வரிசையின் கடைசிக்கு இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினார். முறை என்றால் முறைதானே. அண்ணாச்சி ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். எல்லா வாயும் திறந்திருந்தது. கடைசியில் என்னையும் என் கையிலிருந்த இரும்பையும் பார்த்தார்.

"பார்சல் பிள்ளை மகளுக்கு மூளையப் பாத்தியா!" என்று முத்தையா என் தலையைத் தடவி, ஒரு கல்கோனா மிட்டாய் கொடுத்தார். நான் கர்வத்தில் விம்மிப்போய் நின்றேன். உண்மையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், ஆகையால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பின்னாளில் பள்ளி இறுதித் தேர்வில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் இல்லை.

ஒரு நாள் விளையாட்டாக அது நின்றிருக்கலாம். ஆனால் அதில் லாபம் இருப்பதை முத்தையா கண்டுகொண்டார். வேலாண்டி வண்டி வரிசையில் முன்னுக்கு வரும்போதெல்லாம், ரயில் வர அரை மணி இருக்கையில் யாராவது இரும்பில் தட்டுவார்கள். செவலை காலெடுத்து வைக்கும். வண்டியைக் கடைசிக்கு இழுத்துவிடுவார்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை, பாருங்கள். இரும்பில் தட்டுகிறவன் வண்டியை நகர்த்தவில்லையே. அநேக நாள் தட்டியது நான்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் ஓடுவேன். "செவிட்டு வண்டி" என்ற பெயர் பேட்டையிலிருந்து பிளாட்பாரத்துக்கும், பிளாட்பாரத்திலிருந்து ரயில் ஏறுகிறவர்களுக்கும் பரவியது. குற்றாலத்துக்கு வந்த காலேஜ் பையன்கள் நாலு பேர் அவரைச் சூழ்ந்து நின்று, "யோவ், உனக்குப் பொண்டாட்டி எத்தனை?" என்று கேட்க, "தண்ணி நல்லா விழுதுய்யா" என்று அவர் சொல்ல, அவர்கள் உருண்டு சிரித்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிப் போனார்கள். அவரும் கூடச் சேர்ந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். செவலைக்கு விலா எலும்பை எண்ணலாம்போல ஆயிற்று.

ஆடி நடுவில் அவர் மாறினார். ஒரு நாள் அவர் வண்டி வரிசையின் முன்னால் நிற்கையில் உண்மையான முதல் மணி அடித்தது. செவலை வழக்கம்போல் காதைத் திருப்பி ஓரடி எடுத்து வைத்தது. அவர் அதன் காதைப் பார்த்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். எல்லாரும் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். சாட்டையை எடுத்து அதன் முகத்தில் ஒன்று வைத்தார். அந்தக் குதிரையை அவர் அடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. செவலை பின்வாங்கியது, திரும்பவும் முன்னே வந்தது, மணி அடித்திருக்கிறதே, அதற்கு வேறென்ன தெரியும்? மறுபடியும் அடித்தார். "பொய் சொல்லுதியா, மூதி? நீயும் அவனுவகூடச் சேந்துக்கிட்டியா?" என்று கத்தினார். ரயில் வந்து நின்றது. மற்ற வண்டிகள் சவாரி ஏற்றிக்கொண்டு போயின. மணி அடித்தும் நகராத குற்றத்துக்காக அவரைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். குதிரை சரியாகச் சொன்னது, சரியாகச் சொன்னதற்கு அடி வாங்கியது. மரத்தடியில் அது பெரிய வேடிக்கையாக இருந்தது. எனக்கும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து செவலையின் முகத்துக்கு நேரே போய் நிற்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

ஒரு சாயங்காலம் சாரல் தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுத் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். கையில் இரும்புப் பட்டை. சரக்குக் கொட்டகைக்குப் பின்னால், காலிச் சரக்கு வாகன்களை முன்னே தள்ளிக்கொண்டு ஒரு எஞ்சின் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. வாகன்கள் முன்னால் இருந்ததால் எஞ்சினில் இருந்தவர்களுக்கு வண்டித்தடம் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக நீளமாக ஊதிக்கொண்டே வந்தார்கள். வண்டித்தடத்தில் வேலாண்டி அண்ணாச்சியின் வண்டி, புல்லுக்குப் போகிற காலி வண்டி. செவலை தண்டவாளத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. காது இரண்டும் விறைத்து எஞ்சின் பக்கம் திரும்பியிருந்தன. கொட்டகை மறைவில் வாகன்கள் இன்னும் அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் குதிரை நின்றது. அப்புறம் எதிர்ப்பக்கத்தில் நான் நின்றது.

நான் கத்தினேன். "அண்ணாச்சி, ரயில்! ரயில் அண்ணாச்சி, வராதீங்க!" இந்த ஊரிலேயே அவருக்குக் காது கேட்காது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான், தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினேன். ஒரு கையில் இரும்பு இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். இரும்பைப் பார்த்தார். குதிரையின் காதைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னைக்கு உன் வேல நடக்காதுட்டி!" என்று சொல்லி, சாட்டையை ஓங்கி அடித்தார். செவலை நகரவில்லை. இன்னொன்று. அதற்கும் நகரவில்லை. மூன்றாவது அடி கண்ணோரத்தில் விழுந்தது. செவலை தண்டவாளத்தில் ஏறியது.

வாகன் வண்டியின் நடுவில் இடித்தது. அவர் எகிறிப் போய்க் கருங்கல் ஜல்லியில் விழுந்தார்; முழங்கையில் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. ஜட்கா தீப்பெட்டிபோல நொறுங்கியது. செவலை எழுந்திருக்கப் பார்த்தது. முன்கால்கள் ஊன்றின, பின்கால்கள் கூட வரவில்லை. எஞ்சின் நின்று, விட்டு விட்டு நீராவியைச் சீறியது. அது சீறுகிற ஒவ்வொரு தடவையும் மண்ணில் கிடந்த அந்தத் தலையில் இடது காது மட்டும் எஞ்சின் பக்கமாகத் திரும்பியது. அண்ணாச்சி தவழ்ந்து வந்து அதன் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் இன்னொரு தரம் சீறியது. காது திரும்பவில்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன். இரும்பைப் போட்டுவிட்டு ஓடவில்லை, கையிலேயே கொண்டு ஓடினேன். பயத்தில் விரல் விரியவில்லை. ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது அப்பா, "செவிட்டுப் பயலுக்கு வண்டி எதுக்குங்கேன்? எஞ்சின் அந்த ஊது ஊதுதான், இவன் குதிரைய அடிச்சு உள்ள விடுதான். காது இல்லாதவனுக்கு ரயிலடியில என்ன சோலி?" என்றார். "குதிர பாவம்" என்றாள் அம்மா. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், குதிரை பாவம் என்று. என்னைப் பார்த்ததாக வேலாண்டி அண்ணாச்சி ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் யார் நம்பியிருப்பார்கள்? மறுநாள் மரத்தடியில் மற்ற வண்டிகள் ஓரிடம் முன்னால் நகர்ந்து நின்றன. அவ்வளவுதான் நடந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட, பதினோரு வயதுப் பிள்ளை, விளையாட்டுப் புத்தி, என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்துவிடுவேன். முடியவில்லை.

பத்து நாள் கழித்து அவர் ஸ்டேஷனுக்கு வந்தார். மூட்டை தூக்கிப் பிழைக்கலாம் என்று. முறையான கூலிகள் பிளாட்பாரத்துக்குள் விடமாட்டார்கள். முகப்பிலே நின்று, ரயில் வருவதற்கு முன்னால் நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்தால்தான் மூட்டை கிடைக்கும். அதற்கு மணி அடித்தது தெரிய வேண்டும். இப்போது செவலை இல்லை. அவர் முகப்புத் தூண் பக்கத்தில் நின்று, யாருடைய முகத்தையாவது பார்ப்பார்; மணி அடித்தால் மனிதர்கள் நிமிர்வார்கள், கழுத்தைத் திருப்புவார்கள், அதைக் கண்டுகொள்ளலாம் அல்லவா? ஆனால் அவர் பார்ப்பது தெரிந்ததும் எல்லாரும் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அல்லது மணி இல்லாதபோது திடுக்கிட்டு எழுவதுபோல நடிப்பார்கள். ஒரு நாள் நான் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். முகப்பில் என்னைக் கண்டார். திட்டுவார் என்று நினைத்துத் தூணோடு ஒட்டி நின்றேன். அவர் திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். செவலையின் காதைப் பார்த்த அதே பார்வை. கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. இந்த முகம் அசையும், அப்போது தெரிந்துகொள்வோம் என்ற காத்திருப்பு மட்டும்.

டண்டண். டண்.

நான் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பத்து வருஷத்துக்கு மேலாக நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விளையாட்டுக்கு அல்ல, அது நிச்சயம். பக்கத்தில் முத்தையாகூட இல்லை. அசைத்தால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தோன்றியதோ என்னவோ. கண் இமைகூடக் கொட்டவில்லை. ரயில் வந்து நின்று, ஆட்கள் வெளியே வரத் தொடங்கி, மூட்டைகள் மற்றவர் தலைக்கு ஏறிய பிறகுதான் அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுத்தார். ஒரு தரம் தலையை ஆட்டினார், நான் அன்றைக்குக் கொட்டகை மறைவில் ஆட்டினேனே, அதே மாதிரி. அதற்குப் பிறகு அவரைத் தென்காசியில் யாரும் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்திருக்கிறேன், படித்தது, சொன்னால் சிரிக்காதீர்கள், பௌதிகம், அதில் ஓசையைப் பற்றிய பாடத்தில்தான் எனக்கு அதிக மார்க். மருத மரங்களில் இரண்டுதான் மிச்சம். ஜட்காக்கள் போய்விட்டன, குற்றாலத்துக்கு ஸ்டேஷன் வாசலிலிருந்தே பஸ் போகிறது, முறை கேட்க ஆளில்லை. குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்த கல் தொட்டியில் யாரோ செவ்வந்தி வைத்திருக்கிறார்கள். தண்டவாளத் துண்டு மட்டும் தொங்குகிறது, அதே ஓசை. போன வாரம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற ஒரு கிழவர், "என்ன பார்சல் பிள்ளை மகளா? பெரிய படிப்பெல்லாம் படிச்சிருக்கியாமே!" என்று கேட்டார். முத்தையா! பேச்சுவாக்கில் வேலாண்டி அண்ணாச்சியைப் பற்றிக் கேட்டேன். "யாரு, அந்தச் செவிட்டுப் பயலா? செங்கோட்டையில மரம் அறுக்க மில்லுல கெடக்கான். அங்கன அந்த இரைச்சல்ல எல்லாப் பயலும் செவிடுதான், இவன் ஒருத்தன்னு வித்தியாசமே தெரியாது!" என்று சொல்லிவிட்டு, பழைய சிரிப்பைச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். இரும்பில் முதலில் தட்டியவள் நான்தான் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அன்றிரவே கடிதம் எழுத உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். பிறகுதான் புத்தியில் பட்டது: அவருக்குப் படிக்கத் தெரியாது. இன்னொருவர் படித்துச் சொல்லலாம் என்றால், அதைக் கேட்க அவருக்குக் காது வேண்டும். கிழித்துப் போட்டேன். ஒரு கண்டுபிடிப்பைச் செய்துகாட்ட ஒன்றரை நாள் பொறுக்காதவள், இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

நாளைக் காலைச் செங்கோட்டைப் பாசஞ்சரில் போகிறேன். என் டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய பாவாடைத் துணியில் சுற்றி வைத்திருந்த இரும்புப் பட்டையை வெளியே எடுத்துவிட்டேன். துரு ஏறியிருக்கிறது, கயிறு இற்றுப்போயிற்று. மில்லுக்குள் போய், அவருக்கு எதிரே நின்று, அதை அவர் கையில் கொடுப்பேன். அவர் இரும்பைப் பார்ப்பார். பிறகு என் முகத்தைப் பார்ப்பார், அவருக்கு வேறு எங்கே பார்த்துப் பழக்கம்? நான் சொல்ல வேண்டியது முழுவதும் அங்கேதான் இருக்க வேண்டும். மூன்று நாளாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்க்கிறேன். என்ன செய்தாலும் அது ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் முகமாகவே இருக்கிறது. பரவாயில்லை, ரயில் செங்கோட்டை போய்ச்சேரும்வரை நேரம் இருக்கிறது. கையில் இருக்கிற இரும்பாலேயே அவர் என்னை ஒன்று வைத்தாலும் வைப்பார். வைக்கட்டும். சரியாகச் சொன்னதற்கு அடி வாங்கித் தின்றது செவலை. நான் ஒரு தரமாவது வாங்கிப் பார்க்கிறேன்.